பெட்டியின் பின்பக்கத்து வாட்

கண்டியிலோ பேராதனையிலோ அம்ப்ளிபையர் வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ (கணநேர உச்ச வலு) போன்ற கணக்குத்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர் அதை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது. அம்ப்ளிபையரைத் திருப்பினால், வயர் நுழையும் இடத்தருகே ‘230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 60 வாட்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அம்ப்ளிபையர் சக்தியை உண்டாக்குவதில்லை. சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தைப் பாட்டின் சமிக்ஞைக்கேற்ப ஸ்பீக்கருக்கு அளந்து விடுகிறது. ஏபி வகுப்பு என்றால் வாங்கியதில் கணிசமான பங்கு சூடாகவே போய்விடும். டி வகுப்பில் அந்த இழப்பு குறைவு. 60 வாங்குவது 1000 ஆகத் தொடர்ந்து வெளிவர வழியில்லை.

இதற்கு நியாயமான மறுப்பு உண்டு. பின்பக்க எண்ணை முழு வலுவில் அளக்காமல், அதன் எட்டிலொரு பங்கில் ஓடவிட்டு அளப்பதும் வழக்கம். மத்தள அடி போன்ற உச்சங்களோ கணநேரமே நிற்பவை; கொள்ளளவிகளில் சேர்ந்த சக்தி அவற்றுக்குக் கைகொடுக்கும். உண்மைதான். ஆனால் அந்தக் கணத்துக்கும் எல்லை உண்டு: உள்ளிருக்கும் வழங்கல் வோல்ற்றளவு. அதைப் புரிந்துகொள்ளப் பேராதனைப் பொறியியல் பீடம் வரை போகவேண்டியதில்லை, பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதி போதும். +20, −20 வோல்ட்டில் இயங்கும் சாதாரணச் சுற்றில் 8 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் அலையின் உச்சம் 20 வோல்ட்டைத் தாண்டாது. சைன் அலைக்கு அதன் ஆர்.எம்.எஸ். பெறுமானம் ஏறத்தாழ 14. வர்க்கித்து 8 ஆல் வகுத்தால் 25 வாட். உச்சம் தொடும் கணத்தில் 50. நிலைமாற்றி தாங்குமானால் 4 ஓமில் இரண்டும் இரட்டிக்கும், அவ்வளவுதான். வால்யூமை இன்னும் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் திரிபு ஏறும். 10 சதவீதத் திரிபோடு எடுத்த வாட்டை 1 சதவீதத்தில் எடுத்ததோடு ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான். தொடர் வலுவை ஓம், அதிர்வெண் வீச்சு, திரிபு ஆகியவற்றோடு சேர்த்தே சொல்லவேண்டுமென்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974 இலேயே விதித்தது.

வாட் கூடினால் சத்தமும் கூடும்தானே என்பார்கள். கூடும், ஆனால் மெல்ல. காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வலு வேண்டும். இருமடங்கு வலு தருவது 3 டெசிபல் மட்டுமே. ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு அது தரும் சத்தம், இங்கே பெரிய ஆள். 84 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்டிலேயே தந்துவிடும். பேசிக்கொண்டே பாட்டுக் கேட்கும் ஒரு வீட்டு ஹோலில், இப்படிப்பட்ட ஸ்பீக்கருக்குப் பெரும்பாலான நேரம் ஒரு வாட்கூடச் செலவாவதில்லை.