ஆங்கில மரபுத்தொடர்களும் நம் கையிலிருக்கும் வேதாகமமும்



கொல்லயில், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப் பகுதிகளிலிருந்து வேலையின் நிமித்தம் சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற மாநகரங்களுக்கு வந்திருக்கிற நம்மவர்கள் மூன்று மொழிகளுக்கு நடுவே வாழ்கிறவர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நிலைத்துவிட்டது. ஆகவே அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பள்ளிப் படிப்பு மலையாளத்திலும், வீட்டுப் பேச்சும் ஜெபமும் தமிழிலுமாக அமைந்தன. நகரத்து அலுவலகத்திலோ ஆங்கிலம் காத்திருக்கிறது.

அந்த ஆங்கிலத்தில் இலக்கணத்தைக் காட்டிலும் நம்மைத் திகைக்கச் செய்வது மரபுத்தொடர்களே. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருக்கும். அவை சேர்ந்து வரும்போது ஒன்றும் விளங்காது. 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் மிக எளிதான வேலை. 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது; அதுவும் துக்க வீட்டில் சொல்லத்தகாத கொச்சை வழக்கு. இத்தகையவற்றை ஒவ்வொன்றாய்க் கேட்டுத்தான் கற்க வேண்டும். ஆனால் வேறொரு வகை உண்டு. அவற்றை நீங்கள் சிறுவயது முதலே தமிழில் அறிந்திருக்கிறீர்கள். ஏனெனில் அவை வேதாகமத்திலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தவை.

எப்படி வந்தன?

வில்லியம் டின்டேல் என்பவர் 1526இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அவர் 1536இல் கொல்லப்பட்டபோதிலும், 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில் அவருடைய சொற்கள் ஏராளமாய் இடம்பெற்றன. அந்த வேதாகமம் பல தலைமுறைகளாக வீடுகளிலும் ஆலயங்களிலும் வாசிக்கப்பட்டதால், அதன் சொற்றொடர்கள் ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சாகவே மாறின. இன்று அவற்றைப் பேசுகிறவர்களில் அநேகருக்கு அவை எங்கிருந்து வந்தன என்பது தெரியாது.

அலுவலகத்தில் காதில் விழுபவை

'இலெவன்த் ஹவர்' என்றால் கடைசி நேரம். திராட்சத்தோட்டக்காரன் உவமையில் (மத்தேயு 20) பதினோராம் மணி வேளையில் வேலைக்கு வந்தவர்களை நினைவுகூருங்கள். அக்காலத்தில் பகற்பொழுதைச் சூரிய உதயம் தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரமாகக் கணக்கிட்டனர். ஆகவே பதினோராம் மணி என்பது நமக்கு மாலை ஐந்து மணி. வேலை முடிய ஒரு மணி நேரமே மீதி.

'ரைட்டிங் ஆன் த வால்' என்பது சுவரொட்டி அல்ல. வரப்போகும் கேட்டை முன்னதாகவே காட்டும் அறிகுறி. பெல்ஷாத்சாரின் விருந்தில் சுவரிலே எழுதிய கைவிரல்களே (தானியேல் 5) இதன் பிறப்பிடம்.

'ஸ்கின் ஆஃப் மை டீத்' என்பது யோபுவின் புலம்பலிலிருந்து (யோபு 19:20) வந்தது. நாம் 'மயிரிழையில் தப்பினான்' என்கிறோமே, அதுவே பொருள்.

'ஃப்ளை இன் தி ஆயின்ட்மென்ட்' என்பது நல்ல காரியத்தைக் கெடுக்கும் சிறு குறை. பரிமளத்தைலத்தில் செத்து விழுந்த ஈக்களைப் பற்றிப் பிரசங்கி 10:1 கூறுகிறது. 'ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்' என்று நம் ஊரில் சொல்வார்கள்.

போக்காடும் பலிகடாவும்

'ஸ்கேப்கோட்' என்ற சொல்லைத் தமிழ் நாளிதழ்கள் 'பலிகடா' என்று எழுதுகின்றன; மலையாளத்திலும் 'பலியாடு' என்பர். ஆனால் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தைக் கவனித்து வாசித்தால் அங்கே இரண்டு ஆடுகள் இருப்பது விளங்கும். ஒன்று பலியிடப்படுகிறது. மற்றொன்றின் தலைமேல் ஜனங்களின் அக்கிரமங்கள் சுமத்தப்பட்டு, அது உயிரோடே வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. டின்டேல் 'ஸ்கேப்கோட்' என்று பெயரிட்டது இந்த இரண்டாவது ஆட்டுக்கே. நம் தமிழ் வேதாகமம் அதனைப் 'போக்காடு' என்கிறது. ஓர் அலுவலகத்தில் எல்லாருடைய தவறையும் ஒருவன் தலையில் ஏற்றி அவனை வெளியே அனுப்பிவிட்டால், அவன் பலிகடாவைவிடப் போக்காட்டுக்கே ஒப்பானவன்.

கண்மணி

'ஆப்பிள் ஆஃப் த ஐ' என்பதைக் கேட்டுப் பழத்தை நினைக்க வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் கண்ணின் கருமணியையே 'ஆப்பிள்' என்றனர்; அது உருண்டையான திடப்பொருள் என்று எண்ணியதால் அப்பெயர் வந்தது. உபாகமம் 32:10இல் நாம் 'கண்மணி' என்று வாசிப்பது இதுவே. அங்குள்ள எபிரெயச் சொல்லுக்குக் 'கண்ணின் சிறு மனிதன்' என்பது பொருளாகக் கூறப்படுகிறது. ஒருவர் கண்ணை நெருங்கி நோக்கினால் நம் உருவம் சிறிதாய் அதில் தெரிகிறதல்லவா? தமிழிலும் கருமணிக்குப் 'பாவை' என்று பெயர். பாவை என்றால் பொம்மை. தூர தேசங்களில் வாழ்ந்த இரு மக்கள் ஒரே காட்சியைக் கண்டு பெயரிட்டிருப்பது வியப்பானது.

இரண்டாம் மைல்

மேலாளர்கள் விரும்பிச் சொல்லும் தொடர், 'கோ தி எக்ஸ்ட்ரா மைல்'. கேட்டதற்கு மேலாக உழைப்பது என்பது அதன் இன்றைய பொருள். மத்தேயு 5:41ஐ உற்றுநோக்குங்கள். ரோமப் போர்ச்சேவகன் வழியில் கண்டவனைப் பிடித்துச் சுமை சுமக்கச் செய்ய முடியும். முதல் மைல் பலவந்தம். இரண்டாம் மைல்தான் மனமுவந்து நடப்பது.

இந்தப் பலவந்தம் இன்னதென்று எல்லைப்புறத்து நம் முன்னோருக்கு நன்றாகத் தெரியும். திருவிதாங்கூர் அரசில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடமிருந்து கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலைக்கு 'ஊழியம்' என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சங்கத்தார் அதை எதிர்த்து அரசிடம் முறையிட்டனர். இன்று நம் சபைகளில் அதே சொல் மனப்பூர்வமான தொண்டைக் குறிக்கிறது. ஆகவே அலுவலகத்தில் இத்தொடரைக் கேட்கும்போது ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். கூடுதல் ஊதியமின்றி வற்புறுத்தி வாங்கப்படும் உழைப்புக்கு எத்தனை இனிய பெயர் சூட்டினாலும் அது முதல் மைலே.

நல்ல சமாரியன்

'குட் சமாரிட்டன்' என்பது லூக்கா 10ஆம் அதிகாரத்திலிருந்து இந்தியச் சட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்னும் பிரிவில் இச்சொல்லையே பயன்படுத்துகிறது. விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு, பலன் கருதாமல் உதவுகிறவர்மேல், அவ்வுதவியின்போது நேர்ந்த தவறுக்காக வழக்குத் தொடர முடியாது. தம் பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமோ என்ற பயத்தால் நகரச் சாலையில் விலகிப் போகிறவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

வேதத்தில் இல்லாதவை

சில பழமொழிகளை வேதவசனம் என்று எண்ணிப் பிரசங்கத்திலும் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. சுத்தம் தெய்வபக்திக்கு அடுத்தது என்ற ஆங்கிலப் பழமொழி ஜான் வெஸ்லியின் பிரசங்கத்தால் பரவியது. தனக்குத்தானே உதவுகிறவனுக்குத் தேவன் உதவுவார் என்பது பெஞ்சமின் பிராங்கிளின் தம் பஞ்சாங்கத்தில் அச்சிட்டது. இவ்விரண்டும் வேதத்தில் இல்லை. 'மணி இஸ் த ரூட் ஆஃப் ஆல் ஈவில்' என்பது பாதி வசனம். 1 தீமோத்தேயு 6:10 பணத்தை அல்ல, பண ஆசையையே குறை கூறுகிறது.

என்ன செய்யலாம்?

பிரியமானவர்களே, ஆங்கிலம் பேச வரவில்லையே என்று கூசி, கூட்டங்களில் வாய்திறவாமல் இருக்கிற நம் வாலிபர்கள் அநேகர். மறுபுறம், நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சரளமாய் வருகிறது. தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கவும் தடுமாறுகிறார்கள். இருவருக்கும் ஒரே மருந்து உண்டு. குடும்ப ஜெபத்தில் ஒரு பகுதியைப் பிள்ளை ஆங்கிலத்திலும், அதே பகுதியைப் பெற்றோர் தமிழிலும் வாசியுங்கள்; மறுநாள் மாற்றி வாசியுங்கள். புதிய தொடர் ஒன்று வந்தால் அதற்கு நம் ஊர்ப் பழமொழி எது என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் தகப்பனுக்கு ஆங்கிலக் கூச்சமும், பிள்ளைக்குத் தமிழ்த் தடுமாற்றமும் பெரிதும் குறைந்திருக்கும். இன்றிரவே மத்தேயு 20ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம்.