கண்ணகியும் மாதவியும்

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'கோவலன்' நாடகத்தைத் தேனிப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடியப் பார்த்தவர்கள் உண்டு. இத்தகைய ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் மேடையில்தான் சேருவார்கள்.

இந்தக் கதைக்கு மூலம் சிலப்பதிகாரம். அதில் கோவலனின் காதலி மாதவி எதையும் மனதில் பூட்டி வைப்பவள் அல்ல. புகார்க் கடற்கரையில் கோவலன் பாடிய பாட்டில் ஐயம் வந்ததும் யாழை வாங்கிப் பதிலுக்குப் பாடிவிட்டாள். அவன் எழுந்து போனான். பின்னர் தாழை மடலில், பிச்சி அரும்பைச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து ஓலை எழுதினாள். அதை அவன் வாங்கவே இல்லை. மதுரைக்குப் போகும் வழியில் வந்த இரண்டாம் ஓலையைப் படித்த பிறகுதான், அவள்மேல் குற்றமில்லை என்று உணர்ந்தான்.

அவன் மனைவி கண்ணகி நேர்மாறு. குளத்தில் நீராடிக் காமதேவனைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொன்னபோது, அது பெருமையல்ல என்று ஒரே பேச்சில் முடித்துக்கொண்டாள். வெறுங்கையோடு வந்தவனிடமும் சிலம்பு இருக்கிறது என்றாள். அப்படிப்பட்டவள்தான், கணவன் கள்வன் என்று கொல்லப்பட்டதும், பாண்டியன் அவையில் வழக்குரைத்தாள்! கோவலன் இறந்தபின் மாதவி துறவு பூண்டாள். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு வையைக் கரையோடு மேற்கே நடந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்த இடம் என்று சொல்லப்படும், கூடலூருக்கு மேலே மலையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டுமே பக்தர்களுக்குத் திறக்கும். பளியங்குடியிலிருந்து நடந்து ஏறலாம். குமுளியிலிருந்து ஜீப்பிலும் போகலாம்.