உஷார்! உங்கள் இங்கிலீஷை சிக்னல் விழுங்குகிறது

கல்லூரி மாணவர்களே, ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன், வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் உங்கள் அறையில் நெட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். காலையில் பறக்கும் இணைப்பு, ஹாஸ்டல் முழுக்க போனைக் கையில் எடுக்கும் இரவு 8 மணிக்குத் திணறும்.

கணக்கு வகுப்பில் நெட் விட்டுவிட்டு வந்தாலும் சமன்பாடு திரையில் நிற்கும். மொழி வகுப்பிலோ ஒலிதான் பாடம். இணைப்பு நலிந்தால் செயலி படத்தைக் குறைக்கும், பிறகு ஒலியையும் குறைக்கும். வழியில் தொலைந்த ஒலித்துணுக்குகளை ஊகித்து ஒப்பேற்றும். அப்போது எளிதில் காணாமல் போவது 'ஸ்', 'ட்' போன்ற வலுவற்ற ஒலிகள். ஆங்கிலத்தில் பன்மையும் இறந்தகாலமும் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் இந்த ஒலிகளாகத்தான் ஒட்டியிருக்கின்றன. ஆசிரியர் 'வாக்ட்' என்கிறார், உங்கள் காதில் 'வாக்' என்று விழுகிறது. அதையே கற்றுக்கொள்கிறீர்கள்!

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு முறை "மேம், கேக்கல" என்று சொன்ன பிள்ளை மூன்றாம் முறை மைக்கை அணைத்துவிடும். பிறகு சாட்டில் 'யெஸ் மேம்' மட்டும்தான். வாய் திறக்காமலே செமஸ்டர் முடியும். குற்றம் இணைப்பில் இருக்க, 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடுவதுதான் நெஞ்சைப் பதறவைக்கிறது.

சிக்னல் நன்றாக இருந்தாலும் டேட்டா தீர்ந்தால் இதே கதைதான். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. அது நின்றுவிட்டது, ஆன்லைன் பாடம் நிற்கவில்லை. ஒரு மணி நேர வீடியோ வகுப்பு அரை ஜிபிக்கு மேல் தின்னும். அன்றாட அளவு தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் குரல்கூட ஒழுங்காக வராது.

நெட் தடுமாறினால் உடனே வீடியோவை அணையுங்கள், ஒலி தப்பிக்கும். என்பிடெல் இணையதளத்தின் ஆங்கில வீடியோ பாடங்களைக் கல்லூரி வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேளுங்கள். வீட்டிலிருந்து எழுதும் ஆங்கிலத் தேர்வை மொபைல் டேட்டாவை நம்பி எழுதவே எழுதாதீர்கள்.

ஆசிரியர்களே, நேரலையில் அறுந்து அறுந்து வரும் குரலுக்கு மதிப்பெண் போடாதீர்கள். பேசிப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வந்துசேரத் தாமதமானாலும் அது முழுதாக வரும். அதைக் கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்கள்.