வணக்கம் வைக்கும் பொம்மை

மாட்டுத்தாவணி அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறேன். என் மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன் படிக்கிறான். காலையில் நான் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒருநாள் அவன் அம்மா கண்கலங்கச் சொன்னார்: "ஜவுளிக்கடை வாசல்ல கைகூப்புற பொம்மை இருக்குல்ல டீச்சர், அதுகிட்ட அரைமணி நேரம் நிக்கிறான். திருப்பி வணக்கம் வேற வைக்கிறான். பெத்தவ மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான். அவனுக்குப் பொம்மைதான் ஒசத்தியா?"

பதில் சொல்லத் தெரியாமல்தான் மனித உருவ ரோபோக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

மனித முகம் நொடிக்கு நொடி மாறுகிறது. கண், புருவம், குரல், கை எல்லாம் ஒரே நேரத்தில் செய்தி சொல்கின்றன. ஆட்டிசம் உள்ள பலருக்கு இது பெரும் சுமை. பொம்மையோ ஒரே அசைவை ஒரே வேகத்தில் செய்கிறது. அடுத்து என்ன என்று முன்பே தெரிந்துவிடுகிறது. இந்த எண்ணத்தில்தான் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் 2005இல் 'காஸ்பர்' என்ற குழந்தை உருவ ரோபோவை உருவாக்கியது. அதன் முகபாவங்கள் வேண்டுமென்றே எளிமையாக்கப்பட்டவை.

பெரியவர்களுக்கு அந்த முகம் விசித்திரமாகத் தோன்றலாம். மனிதனை ஏறக்குறைய ஒத்திருந்தும் முழுதாக ஒத்துவராத உருவம் மனத்தை உறுத்தும் என்று ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதினார். எல்லாக் குழந்தைகளுக்கும் ரோபோ பிடிக்கும் என்பதும் இல்லை. மோட்டார் ஒலிக்கே காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையும் இருக்கலாம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு, மனித உருவமில்லாத ஒரு மேசை ரோபோவை 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு மாதம் வைத்தது. பெற்றோரும் உடனிருக்க, நாள்தோறும் 30 நிமிடம் விளையாட்டு. பிறருடன் கவனத்தைப் பகிரும் திறன் கூடியது. ரோபோவை எடுத்த பிறகு அந்த முன்னேற்றம் குறைந்தது என்றும் 2018இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. ரோபோ ஒரு படிக்கட்டுதான். ஏறிச் சேர வேண்டிய இடம் மனிதர்கள்.

அம்மாவிடம், "பொம்மையிடமிருந்து அவனை இழுக்காதீர்கள், பக்கத்தில் நின்று அதே வேகத்தில் நீங்களும் வணக்கம் வையுங்கள்" என்றேன். வகுப்பில் நானும் தினமும் அதே இடத்தில், அதே சொல்லில், மெதுவாக வணக்கம் சொன்னேன். பார்க்கும்படி வற்புறுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், என் முகத்தைப் பார்க்காமலேயே கைகூப்பினான். வீட்டில் இன்னும் இல்லை. அம்மா காத்திருக்கிறார்.

இத்தகைய குழந்தைகளை "ரோபோ மாதிரி" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது தவறு. அவன் தேடியது இயந்திரத்தை அன்று. பயமின்றிப் பழகக்கூடிய ஒருவரை. அந்த ஒருவராக நாம் இருக்க ரோபோ தேவையில்லை, ஆசிரியர்களே.