மேற்குச் சுவர்

முருங்கையை வீட்டுக்கு முன்னால் வைக்கமாட்டார்கள். காவிரிப் படுகையின் பழைய தெருக்களில் இது எழுதாத சட்டம். பேய் குடியிருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தாலும் பெரியவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது. முருங்கைக் கொம்பு சட்டென்று முறியும். மழைக்காலத்தில் மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். ஆள் நடமாடும் வாசலுக்கு இரண்டுமே ஆகாது. அதுவே கொல்லையில், அடுக்களைக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றால் குழம்புக்குக் காயும் துவட்டலுக்குக் கீரையும் தினமும் உண்டு. பாத்திரம் கழுவிய தண்ணீர் வடிகிற இடத்தில் வாழை. கிணற்றடியைத் தாண்டி, காய் விழுந்தால் ஓடு உடையாத தூரத்தில் தென்னை. வெயில் இறங்குகிற பக்கம் வேம்பும் பூவரசும். ஆலும் அரசும் குளக்கரைக்கும் கோயிலுக்கும் உரியவை. சுவரைப் பிளக்கிற வேரை வீட்டோரம் விடமாட்டார்கள்.

கதவுகளும் இதே கணக்கில்தான் வந்தன. வாசல் நிலையில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோடு. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் இந்தக் கோடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற அளவுக்கு நீளும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போகப் போக, திறந்த கதவுகள் வழியாக நிழலில் இருந்த காற்று உள்ளே வரும். கொல்லையில் மரம் நின்றால் வருகிற காற்றும் குளிர்ந்தே வரும். ஆக, மரமும் கதவும் அங்கே ஒரே முடிவு. மனையில் காலையிலும் உச்சியிலும் மாலையிலும் நின்று பார்த்த கொத்தனாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து எடுத்த முடிவு.

விளக்குக்கு இடம் நிலையின் இரு பக்கமும் இருந்த மாடம். காற்று அணைக்காதபடி சுவருக்குள் குடைந்த குழி அது. பிறகு மின்சாரம் வந்தபோது, பெரும்பாலான ஓட்டு வீடுகளுக்கு வாய்த்தது ஒன்றிரண்டு குண்டு பல்புதான். நடுச்சுவரின் மேல்பகுதியில் ஓட்டை போட்டு, கூடத்துக்கும் அடுக்களைக்குமாக ஒரே பல்பைத் தொங்கவிட்ட வீடுகள் உண்டு. அந்த ஓட்டையை எங்கே போடுவது என்பதற்கு வீடே கூடி யோசித்தது.

இப்படிச் சொல்லும்போது அந்த வீடுகளை முழுக்கப் புகழ்ந்துவிட முடியாது. அந்த நேர்கோட்டில் எல்லோரும் நடக்க அனுமதி இருக்கவில்லை. வயலில் உழைத்தவர்கள் கொல்லைப்புறமாக வந்து கூலி நெல்லை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பினார்கள். திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. காற்றுக்காக இவ்வளவு யோசித்த வீட்டில் அடுக்களை மட்டும் இருட்டாகவும் புகையாகவும் இருந்தது, ஏனென்றால் அங்கே நாள் முழுக்க நின்றவர்களை யாரும் கேட்கவில்லை. இரவில் கொல்லைக் கடைசிக்குப் போகவேண்டிய பெண்கள் அரிக்கேன் விளக்கோடும் துணையோடும் போனார்கள். இன்றைய சமையலறையில் ஜன்னல் இருக்கிறது, புகைபோக்கி விசிறி இருக்கிறது, கழிவறை படுக்கையறையை ஒட்டி வந்துவிட்டது. இந்த மாற்றத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் திருப்பித் தர நான் சம்மதிக்கமாட்டேன்.

என் வருத்தம் வேறு. இன்று கதவுக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர் என்று முடிவுகள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. மரத்துக்கு யாருமே இல்லை. அரை கிரவுண்ட் மனை, அதாவது 1200 சதுர அடி. வாஸ்து பார்ப்பவர் தாளில் வாசலைக் குறித்துக் கொடுக்கிறார். சமையலறை தென்கிழக்கு மூலைக்குப் போகிறது. அடுத்து காருக்கு இடம். பிறகு ஏசி எங்கே என்று முடிவாகி, ஜன்னல்கள் அதற்கேற்பச் சுருங்குகின்றன. பூச்சு வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் வந்து, ‘பாயிண்ட் எங்கெங்கே சார்?’ என்று சாக்கட்டியோடு நிற்கிறார். கட்டில் எந்தப் பக்கம் வரும் என்றே தெரியாத வெற்றுச் சுவரைப் பார்த்து வீட்டுக்காரர் கை காட்டுகிறார். அன்று மாலைக்குள் சுவரில் காடி வெட்டியாகிவிடும். விதிப்படி மனையைச் சுற்றி விடுகிற இடத்திலும் சிமென்ட் போட்டு முடித்த பிறகே மரத்தின் நினைவு வருகிறது. அப்போது தொட்டி ஒன்றுதான் வழி.

இதில் அதிகம் அடிபடுவது மேற்குச் சுவர். சென்னை நிற்கும் 13 டிகிரி அட்சரேகையில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடுகிறது. தெற்கு ஜன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தால் கோடைக்குப் போதும். மேற்கே அந்தக் கதை நடக்காது. பிற்பகல் சூரியன் தாழ்வாக, கிட்டத்தட்ட நேராக, சுவரில் விழுகிறது. எத்தனை அடி சன்ஷேடு நீட்டினாலும் அதன் அடியில் நுழைந்துவிடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மூன்று மணிக்கு வாங்கிய சூட்டை இரவு ஒன்பது, பத்து மணிக்கு உள்ளே விடுகிறது, நாம் படுக்கப் போகிற நேரத்தில். பழைய வீட்டில் அந்தப் பக்கம் தாழ்வாரமும் வேம்பும் நின்றன. இன்று அங்கே படுக்கையறையும், அதைக் குளிரவைக்க ஏசியும்.

மரம் என்றால் புயல் பயமும் சேர்ந்துகொள்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் பார்த்தவர்களிடம் இதை லேசாகப் பேச முடியாது. கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் வரிசையாகச் சாய்ந்தன. ஆனால் நகரத்தில் ஒரு மரத்தை வேர் ஓட இடமில்லாமல் கான்கிரீட்டுக்குள் நிறுத்திவிட்டு, அது விழுந்ததற்காக அடுத்த மரத்தை வெட்டுவது நியாயமாகப் படவில்லை. மரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண் திறந்திருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை, பருவமழைக்கு முன்னால், கவிந்த கிளைகளைக் கழிக்க வேண்டும்.

விளக்கில் இந்தத் தலைமுறைக்குக் கிடைத்திருப்பது பெரிய கொடை. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. அதை முழுக்கக் கூரையில் பதிக்கும் அலங்காரத்துக்கே செலவழிக்கிறோம். வயதானவர் படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவில் நடக்கிற வழியில், முழங்கால் உயரத்தில் இரண்டு சின்ன விளக்குகள்; மாடிப்படியின் மேலும் கீழும் ஒரே விளக்குக்கு டூ-வே சுவிட்ச். புதுமனை புகுவிழாவுக்குப் போகிற இடங்களில் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். பாதி வீடுகளில் இருப்பதில்லை.

மேற்குப் பார்த்த மனை அமைந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. படிக்கட்டையும் குளியலறையையும் சாமான் அறையையும் மேற்குச் சுவரோரம் கொண்டுபோனால், அவை சூட்டை வாங்கிக்கொண்டு படுக்கையறையைக் காக்கும். வாசலையொட்டிய மூலையில் சுவரிலிருந்து தள்ளி ஒரு புங்கன். கோடையின் தொடக்கத்தில் இலை உதிர்த்து, அக்னி நட்சத்திரத்துக்குள் புதுத் தழையோடு அடர்ந்துவிடுகிற மரம் அது. வானம் தோண்டுகிற வாரமே நட்டு, லாரி ஏறிவிடாமல் சுற்றிலும் செங்கல் அடுக்கிவிட வேண்டும். சுவருக்குத் தினமும் தண்ணீர் அடிப்பவரிடம் சொல்லிவைத்தால் கன்றுக்கும் சேர்த்து அடித்துவிடுவார். பால் காய்ச்சுகிற நாளில் அது ஆள் உயரம் நிற்கும்.