முதியவரின் ஓவியமும் மூதூர்க் கரையும்

இங்கிலாந்தின் கிறீனிச்சிலுள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்திற்குரிய ஓவியங்களுள் ஒன்று, 1711 இல் ட்ரம்பன் என்பவர் தீட்டிய முதியவர் ஒருவரின் உருவப்படமாகும். படத்திலிருப்பவர் ரொபர்ட் நொக்ஸ். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எழுபது. திருகோணமலை மாவட்டத்தவராகிய எமக்கு இவர் அந்நியரல்லர்.

1659 இல் சோழமண்டலக் கரையோரப் புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, அதனைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக்குடாவை அடைந்தது. 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள், கப்டனையும் அவரது மகன் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் மூதூர்ப் பகுதியில் சிறைபிடித்தனர். மறு ஆண்டே தந்தை இறந்தார். தொப்பி பின்னி விற்று வாழ்ந்த மகன், 19 ஆண்டுகளின் பின் 1679 இல் தோழர் ஒருவருடன் தப்பி, மன்னார்ப் பகுதியின் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் வெளியான அவரது நூல், அக்காலக் கண்டி இராச்சியத்தை அறிய இன்றும் முதன்மைச் சான்றாகும்.

அக்கால உருவப்படங்களில் முகம் மட்டுமன்றிச் சுற்றியுள்ள பொருள்களும் பேசும். நொக்ஸின் முன்னே தமது வாழ்க்கை நினைவுகள் என்று தலைப்பிட்ட ஏடு. அருகே கடலோடியின் கருவிகள். கைதியாக அன்று, கப்பல் தலைவராகவும் எழுத்தாளராகவுமே உலகம் தம்மை அறிய வேண்டும் என அவர் விரும்பியதை இவை உணர்த்துகின்றன.

ஆனால், படம் சொல்லாத செய்தியும் உண்டு. விடுதலை பெற்ற நொக்ஸ், கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் தலைவராகி, மடகஸ்காருக்கு அடிமைகளை வாங்கச் சென்றார். பத்தொன்பது ஆண்டுகள் சுதந்திரமின்றித் தவித்தவரே பிறர் சுதந்திரத்தை விலைபேசினார். இதற்கான வருத்தத்தை அம்முகத்தின் சுருக்கங்களில் தேடுவது எமது கற்பனையாகவே முடியும். ஓவியத்தை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் படிப்பதே முறையாகும்.

அவரைப் பற்றி அறிய அவரது நூலும் ஓவியமும் உள்ளன. அதே மூதூரில் 2006 ஆகஸ்ட் மோதல்களினால் வீடுவாசலைவிட்டு வெளியேறிய தமிழ், முஸ்லிம் முதியவர்களுக்கு என்ன இருக்கின்றது? அவர்களுள் பலரின் நினைவுகள் ஏட்டில் ஏறவில்லை. எமது பாடசாலைகளும் நூலகங்களும் அவர்களது வாய்மொழிகளை, இரு சமூகத்தாரதும் ஒருங்கே, இப்போதே பதிவுசெய்தல் வேண்டும். காலம் கடந்தால், எமது கரையின் கதையை அறிய அயலார் தீட்டிய படங்களையே நாம் நம்பியிருக்க நேரிடும்.