வெறுங்கண்ணுக்கு எட்டாதவை

பைக் வாங்கப் போனவர்களுக்கு 'டெலஸ்கோபிக் ஃபோர்க்' பழகிய பெயர். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்தக் குழாய்களில் லென்ஸ் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிப் போய்வரும், அவ்வளவுதான். மாலுமிகளின் பித்தளைத் தொலைநோக்கி அப்படித்தான் நீண்டு சுருங்கியது. அதைப் பார்த்தே ஆண்டெனாவுக்கும் ஏணிக்கும் தூண்டில் கம்புக்கும் அந்தப் பெயர் வந்தது. வேடிக்கை என்னவென்றால், வானாய்வகங்களின் பெரிய தொலைநோக்கிகள் அப்படிச் சுருங்குவதில்லை.

வானியலாளர்களுக்கு அந்தச் சொல் வேறு. கருவியில்லாமல் தெரியாத விண்மீன்களை அவர்கள் 'டெலஸ்கோபிக்' என்பார்கள். கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் நம் கண்ணுக்கு ஆறு மீன்கள். 1610இல் கலிலியோ வெளியிட்ட படத்திலோ முப்பதுக்கும் மேல். அவருடைய கருவிக்கே பெயர் அடுத்த ஆண்டு ரோமில் நடந்த ஒரு விருந்தில்தான் கிடைத்தது. 'தொலைவு', 'பார்த்தல்' என்ற கிரேக்கச் சொற்களை ஒட்டி வைத்த பெயர் அது.

மின்விளக்கு வராத காலத்தில், ஹைதராபாத் பக்கமுள்ள போலாரத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தாலும் ஒரு நேரத்தில் மிஞ்சிப்போனால் மூவாயிரம் விண்மீன்கள்தாம் தெரிந்திருக்கும்; மிச்சமெல்லாம் டெலஸ்கோபிக். அங்கிருந்து செகந்திராபாத்தைத் தாண்டினால் பேகம்பேட். நவாப் ஜாஃபர் ஜங் தொடங்கிய நிஜாமியா வானாய்வகம், அவர் மறைவுக்குப் பின் நிஜாம் அரசின் கைக்கு வந்து, அங்கே இயங்கியது. வான் முழுவதையும் படமெடுக்க 1887இல் பாரிஸில் கூடிய மாநாடு வகுத்த திட்டத்தில், விண்நடுக்கோட்டுக்குத் தெற்கே 17 முதல் 23 பாகை வரையான பட்டை சிலியின் சாந்தியாகோவுக்குப் போயிருந்தது. வேலை நடக்கவில்லை. ஹைதராபாத் அதை ஏற்றது.

கண் கணத்துக்குக் கணம் பழைய ஒளியை மறந்துவிடும். புகைப்படத் தகடு சேர்த்து வைத்துக்கொள்ளும். ஹைதராபாத்தின் 8 அங்குலத் தொலைநோக்கி வானத்தின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து நகர, மங்கலான மீனும் தகட்டில் புள்ளியாக விழும். பிறகு ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் நுண்ணோக்கியில் அளக்க வேண்டும். என் கணிப்பில் உண்மையான சாதனை இந்த அலுப்பான வேலைதான். ஹைதராபாத் பட்டியலிட்டவை ஏழு லட்சத்துக்கும் மேல்.

அந்த வான்படத் திட்டத்தின் பழைய அளவுகளோடு ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளின் அளவுகளை ஒப்பிட்டு, 2000இல் வந்த டைக்கோ-2 பட்டியல் சுமார் 25 லட்சம் விண்மீன்கள் வானில் நகரும் வேகத்தைத் தந்தது.